யஃகூப் நபி கேட்ட வாக்குறுதி – வெளிமாநிலக் கல்லூரிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு



இன்றைய பேச்சு பெரும்பாலும் பிள்ளைகளை நோக்கியது. பன்னிரண்டாம் வகுப்பு எழுதி முடித்துவிட்டு, எங்கே சீட்டு கிடைக்கும் என்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, வீட்டில் இருந்து இதைப் படிக்கப் போகும் தங்கச்சிகளே, உங்களோடுதான் பேசுகிறேன். பெற்றோர்களும் எழுந்து போய்விடாதீர்கள். நடுவில் உங்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

மே மாதம் தொடங்கி ஜூலை வரை, தொழுகை முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் பிள்ளைகள் வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், எனக்கு டெல்லியில் போய்ப் படிக்க ஆசை. வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள். அவர்களைக் கன்வின்ஸ் பண்ண ஒரு ஹதீஸ் சொல்லுங்கள்."

கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் கேள்வியில் ஒரு கோணல் இருக்கிறது. ஹதீஸ் என்பது அத்தாவின் வாயை அடைப்பதற்காக நமக்குத் தரப்பட்டதா? சில பிள்ளைகள் ஏற்கெனவே தயாராகத்தான் வருகிறார்கள். சீனா வரை போயாவது கல்வி தேடச் சொல்லும் அந்தப் பிரபலமான செய்தி அவர்கள் கையில் இருக்கும். ஹதீஸ் கலை அறிஞர்கள் அதைப் பலவீனமானது என்றும், சிலர் இட்டுக்கட்டப்பட்டது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்து வீட்டில் வாதாடாதீர்கள். இன்னும் சிலர் ஜாபிர் (ரலி) அவர்களுடைய சம்பவத்தைச் சொல்வார்கள். ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஒரு மாதப் பயணம் செய்து ஷாம் தேசத்துக்குப் போனார்கள். அது ஆதாரமான செய்தி, கேட்டால் கண் கலங்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை உஹதுப் போரிலேயே ஷஹீதாகிவிட்டார். அந்தப் பயணத்துக்கான ஒட்டகத்தை ஜாபிர் அவர்களே வாங்கிக்கொண்டு போனார்கள். உங்களுடைய ஒட்டகத்தை வாங்க வேண்டியது உங்கள் அத்தா.

அதோடு, நீங்கள் ஹதீஸை எடுத்தால் பெற்றோர் கையிலும் ஹதீஸ் இருக்கிறது. ஜிஹாதுக்குப் போக அனுமதி கேட்டு வந்தவரிடம் நபி (ஸல்) அவர்கள், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு, அவர்களுக்காகப் பாடுபடும்படி திருப்பி அனுப்பினார்கள். ஹிஜ்ரத்துக்கு பைஅத் செய்ய வந்த இன்னொருவர், பெற்றோரை அழ விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றார். அழ வைத்த அவரே போய் அவர்களைச் சிரிக்க வைக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். ஹிஜ்ரத்தே அப்படி என்றால், பி.ஏ. படிப்பு என்ன என்று உங்கள் அம்மா கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. இப்படி ஆளுக்கு ஒரு ஹதீஸை வீசிக்கொண்டால் வீடு விவாத மேடையாகிவிடும். சம்மதம் மட்டும் வராது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஃபிக்ஹு அறிஞர்கள் இதைப் பேசாமல் விடவில்லை. ஒருவர் மீது கட்டாயமான மார்க்கக் கல்வி ஊரில் கிடைக்கவில்லை என்றால், அதற்காகப் பயணம் போக பெற்றோரின் அனுமதி நிபந்தனை இல்லை. சமுதாயத்தில் சிலராவது கற்றாக வேண்டிய கல்வி, அதாவது பர்ளு கிஃபாயா என்றால், பயணம் ஆபத்தில்லாததாகவும், பெற்றோர் ஆதரவின்றி விடப்படாமலும் இருந்தால் போகலாம் என்று ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமும் கணக்கும் பர்ளு கிஃபாயாவில் அடங்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். ஆக, வெளியூர்க் கல்லூரிக்குப் போவது கூடாத காரியமல்ல.

ஆனால் கூடும் என்பது ஒரு பதில். எப்படிப் போவது என்பது வேறொரு கேள்வி. பெற்றோரின் அனுமதி வேறு, பெற்றோரின் பொருத்தம் வேறு. அனுமதியைப் பிடுங்க முடியும். பட்டினி கிடந்து வாங்கலாம், பத்து நாள் பேசாமல் இருந்து வாங்கலாம், "நான் செத்துப்போகிறேன்" என்று சொல்லிக்கூட வாங்குகிறார்கள், அல்லாஹ் பாதுகாக்கட்டும். பொருத்தத்தை அப்படி வாங்க முடியாது.

குர்ஆனில் இந்த விஷயத்துக்கு நேராக ஒரு வீடு இருக்கிறது. யஃகூப் (அலை) அவர்களுடைய வீடு. ஒரு தந்தையிடம் அவருடைய பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்லி இரண்டு தடவை சம்மதம் கேட்கிறார்கள். யூசுஃப் அத்தியாயத்தை நாம் கனவு, கிணறு, அரண்மனை, சிறை என்றுதான் நினைவு வைத்திருக்கிறோம். இந்த இரண்டு உரையாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் தடவை அண்ணன்மார் வருகிறார்கள். எங்களை நீங்கள் ஏன் நம்புவதில்லை என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். நாளைக்குத் தம்பியை அனுப்புங்கள், ஓடி விளையாடுவான், சாப்பிடுவான், நாங்கள் அவனைப் பாதுகாத்துக்கொள்வோம் என்கிறார்கள். தந்தை மறைக்காமல் தம் மனதில் இருப்பதைச் சொல்கிறார். அவனைப் பிரிவது எனக்குக் கவலை. நீங்கள் கவனிக்காத நேரத்தில் ஓநாய் தின்றுவிடுமோ என்று பயம். பிறகு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். இரவில் அழுதுகொண்டு வந்து, ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். அந்தப் பொய்க்கான சரக்கை எங்கே இருந்து எடுத்தார்கள்? தந்தை நம்பிக்கையோடு சொன்ன பயத்தில் இருந்து எடுத்தார்கள். அவர் திறந்து காட்டிய புண்ணிலேயே கையை வைத்தார்கள்.

இரண்டாவது தடவை வருடங்கள் பல கழித்து. பஞ்சம். மிஸ்ரில் தானியம் கொடுக்கும் அதிகாரி, அடுத்த தடவை உங்கள் இளைய சகோதரனை அழைத்து வந்தால்தான் தானியம் என்று சொல்லிவிட்டார். அந்த அதிகாரி யூசுஃப் (அலை) என்பது அவர்களுக்குத் தெரியாது. மறுபடியும் அதே தந்தையிடம் வந்து, புன்யாமீனை அனுப்புங்கள், நாங்கள் அவனைப் பாதுகாத்துக்கொள்வோம் என்கிறார்கள். அரபியில் ஓதிப் பாருங்கள்; முதல் தடவை சொன்ன அதே வார்த்தைகள். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் முதல் தடவை அது பொய், இந்தத் தடவை அது உண்மை. அந்த உண்மையைத் தந்தையால் நம்ப முடியவில்லை. முன்பு இவனுடைய சகோதரன் விஷயத்தில் நம்பியது போலத்தானே இப்போதும் நம்ப வேண்டும் என்று கேட்கிறார். ஒரு பொய் அந்த வாக்கியத்தையே செல்லாக்காசாக்கிவிட்டது.

பிள்ளைகளே, உங்களுடைய சம்மதம் கேட்கும் படலம் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு ஆரம்பிப்பதில்லை. டியூஷன் என்று சொல்லிவிட்டு வேறெங்கோ போனீர்களே, அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. "நான் அங்கே ஒழுங்காக இருப்பேன்" என்று நீங்கள் இன்று சொல்லும்போது, நீங்கள் இதற்கு முன் கொடுத்த எல்லா வாக்கும் அம்மாவின் காதில் சேர்ந்து ஒலிக்கிறது.

இப்போது நடக்கிற ஒரு தந்திரத்தைச் சொல்கிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் சி.யூ.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுவிடலாம். வீட்டுக்குத் தெரியாமல் நண்பனின் ஜி-பே மூலம் கட்டணம் கட்டுகிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், சீட்டும் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு ஒருநாள் இரவு, "அத்தா, டெல்லியில் சீட்டு வந்துவிட்டது, மூன்று நாளைக்குள் பணம் கட்டவில்லை என்றால் போய்விடும்" என்று நிற்கிறார்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது ஹஜ்ரத், நான் சொல்லவில்லை, அவ்வளவுதானே என்கிறார்கள். யோசிக்க நேரம் தராமல் ஒரு மனிதரை மூலையில் நிறுத்துவதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? அவர் பணம் கட்டுவார். பிள்ளையின் எதிர்காலம் பாழாகிவிடக் கூடாதே என்று கட்டுவார். அதைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

யஃகூப் (அலை) அவர்கள் இரண்டாவது தடவை எதை வைத்து இறங்கி வந்தார்கள் என்று பாருங்கள். மூட்டைகளை அவிழ்த்தார்கள். தானியத்துக்குக் கொடுத்த பொருள் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. தேவை என்ன, அங்கே நடந்தது என்ன என்பது எல்லாம் தந்தையின் கண் முன்னால் திறந்து கிடக்கிறது. அதன் பிறகுதான் அவர் ஒரு நிபந்தனை போடுகிறார். அல்லாஹ்வின் பெயரால் உறுதி கொடுங்கள், அவனைத் திரும்பக் கொண்டு வருவோம் என்று. நீங்கள் எல்லோருமே சூழப்பட்டுவிட்டால் தவிர. இந்தக் கடைசி விலக்கைக் கவனியுங்கள். அவர் நபி, அதே சமயம் ஒரு தகப்பன். மனிதனால் முடியாததைக் கேட்கவில்லை. முடிந்ததைக் கேட்டார், அதை எழுதாத ஒப்பந்தமாகக் கேட்டார். பிறகு ஊருக்குள் எப்படி நுழைவது என்றுகூடச் சொல்லிக் கொடுத்தார்: எல்லோரும் ஒரே வாசலில் போகாதீர்கள், வெவ்வேறு வாசல்களில் போங்கள். தவக்குலும் இருந்தது, முன்யோசனையும் இருந்தது.

உங்கள் வீட்டிலும் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

முதலில், ஏன் போக வேண்டும் என்பதை உங்களுக்கே அவிழ்த்துக் காட்டுங்கள். திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியிலும் சென்னை நியூ காலேஜிலும் 1951 முதல் படிப்புச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கிடைக்கும் அதே பி.காம். படிப்புக்காக 2,000 கிலோமீட்டர் தாண்டிப் போகிறேன் என்றால், அத்தா ஏன் என்று கேட்பது நியாயம்தான். மாறாக, டெல்லி ஜே.என்.யு.வில் பாரசீகமோ ஜப்பானிய மொழியோ பட்டப்படிப்பாகப் படிக்க வேண்டும், புனே ஐசரில் ஐந்து வருட அறிவியல் படிப்பு, பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி என்று ஒரு காரணம் இருந்தால், அந்தக் காரணத்துக்கு எடை இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. யாரும் அதை வெளியே சொல்வதில்லை. வீட்டில் மூச்சு முட்டுகிறது, தனியாக இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. பதினெட்டு வயதில் அது பாவம் அல்ல. ஆனால் அதுதான் உண்மையான காரணம் என்றால், கல்வியைப் போர்வையாக அதன் மேல் போர்த்தாதீர்கள். அம்மாக்கள் போர்வைக்குள் பார்க்கத் தெரிந்தவர்கள்.

பிறகு பெற்றோரின் மறுப்பை அவிழ்த்துப் பாருங்கள். "வேண்டாம்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று தேவை. அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், கூட்டிப்போக நீங்கள் ஒருவர்தான். அத்தா கடையைத் தனியாகப் பார்க்க முடியாமல் திணறுகிறார். அப்படி என்றால் நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பிய அந்த மனிதர் நீங்கள்தான். உள்ளூரில் படியுங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை. அதுவே உங்கள் ஜிஹாத்.

இரண்டாவது பயம். பெரும்பாலான வீடுகளில் இதுதான். பயத்தோடு வாதம் செய்து ஜெயிக்க முடியாது. "ஒன்றும் ஆகாது அத்தா" என்பது பதிலே அல்ல. அவர் தொலைக்காட்சியில் வடக்கே நடப்பதைப் பார்க்கிறார். தாடியோடு, தொப்பியோடு, ஹிஜாபோடு என் பிள்ளை ரயிலில் எப்படிப் போகும் என்று நினைக்கிறார். மொழி தெரியாது. காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள்? எப்படிப்பட்ட சேர்க்கை அமையும்? பஜ்ருக்கு யார் எழுப்புவார்கள்? இவற்றில் எதுவும் முட்டாள்தனமான கேள்வி இல்லை.

இன்னொன்று இருக்கிறது. அத்தா அதை வாயால் சொல்ல மாட்டார். பக்கத்து ஊர்க் கல்லூரி என்றால் அவரால் போய்ப் பார்க்க முடியும். பேராசிரியர் ஒருவர் யாருக்காவது மச்சானாக இருப்பார். ஏதாவது என்றால் பஸ் ஏறிப் போய் நின்றுவிடலாம். டெல்லி ஹாஸ்டல் வார்டனிடம் அவர் என்ன மொழியில் பேசுவார்? ஊரில் பத்துப் பேருக்குப் பஞ்சாயத்து பேசுகிறவர், தன் பிள்ளையின் விஷயத்தில் வாய் இல்லாதவராக நிற்க வேண்டியிருக்கும். பல "வேண்டாம்"களுக்குப் பின்னால் இந்த இயலாமை இருக்கிறது. அதை நீங்கள் தீர்த்து வையுங்கள். பாதி விஷயம் முடிந்துவிடும்.

எப்படி? அந்தக் கல்லூரியில் தமிழ் பேசும் நம் பிள்ளைகள் யார் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். அநேகமாக எல்லாப் பெரிய பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவருடைய பெற்றோரின் எண்ணை வாங்கி, உங்கள் அம்மாவை அந்த அம்மாவோடு பேசச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். நல்லதும் கெட்டதும் அவர் சொல்லட்டும். பக்கத்தில் பள்ளிவாசல் எங்கே, ஹலால் சாப்பாடு எங்கே என்று கேட்டு எழுதி வையுங்கள். ராகிங் தடுப்புக்கு தேசிய உதவி எண் ஒன்று இருக்கிறது, 1800-180-5522. அதை அத்தாவின் செல்லில் பதிந்து கொடுங்கள். ஹாஸ்டல் விஷயத்தில் கவனமாக இருங்கள். சீட்டு கிடைத்தாலே ஹாஸ்டலும் கிடைத்துவிடும் என்பது எல்லா இடத்திலும் உண்மை அல்ல. வெளியே அறை எடுக்க வேண்டி வந்தால் என்ன செலவு, எந்தப் பகுதி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போன பிறகு அவர் இதைத் தெரிந்துகொண்டால், உங்கள் வாயில் இருந்து வரும் அடுத்த வாக்கியத்தை அவர் நம்ப மாட்டார்.

முதல் பயணத்தில் அத்தாவையும் அழைத்துப் போங்கள். சென்னையில் இரவு பத்து மணிக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு இரவு ரயிலில். அந்த இரண்டு இரவில் நீங்கள் பேசிக்கொள்வது, பதினெட்டு வருடத்தில் பேசாததாக இருக்கும். சில அத்தாமார் நாற்பது நாள் ஜமாஅத்தில் நிஜாமுத்தீன் வரை போய் வந்தவர்கள். உங்களைவிட அவர்களுக்கு டெல்லி தெரியும்! அவரிடம் வழி கேளுங்கள். கேட்பதிலேயே அவர் மனம் இளகும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம், நம் பக்கத்துத் தனியார் கல்லூரிகள் பலவற்றைவிடக் குறைவு. ஆனால் ரயில் கட்டணம், மெஸ், குளிர்காலத்துக்குக் கம்பளியும் ஸ்வெட்டரும் என்று கூட்டினால் கணக்கு வேறு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் திட்டம் வங்கிக் கல்விக் கடன் மேல் நிற்கிறது என்றால், நீங்கள் கேட்பது என்ன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தக் கடனில் அத்தாவும் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். வட்டியை அஞ்சி வாழ்நாள் முழுக்கச் சின்னக் கடையோடு நின்றுகொண்ட மனிதரிடம், எனக்காக ஒரு கையெழுத்து என்று கேட்கிறீர்கள். அவர் போட்டாலும் தூங்க மாட்டார். கட்டணம் குறைவான படிப்பு, உதவித்தொகை, குடும்பத்துக்குள் கர்ளு ஹஸன், ஜமாஅத்தின் கல்வி உதவி என்று மற்ற வாசல்களைத் தட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாக்குக் கொடுக்கும்போது யஃகூப் நபி வைத்த அளவில் கொடுங்கள். "தினமும் ஐந்து தடவை போன் பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வாரம் எடுக்காமல் இருப்பதைவிட, இஷாவுக்குப் பிறகு ஒரு தடவை என்று சொல்லி அதை மூன்று வருடம் காப்பாற்றுங்கள். காய்ச்சல் வந்தால் சொல்லுங்கள். அம்மா பதறுவார் என்று மறைக்கும் பழக்கம்தான், பிறகு பெரிய விஷயங்களை மறைக்கும் பழக்கமாகிறது. அந்த அண்ணன்மார் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. புன்யாமீன் மிஸ்ரில் பிடித்து வைக்கப்பட்டபோது, மூத்தவர் மற்றவர்களிடம் சொல்கிறார்: தந்தை நம்மிடம் அல்லாஹ்வின் பெயரால் வாக்கு வாங்கியிருக்கிறாரே, அவர் அனுமதிக்கும் வரை அல்லது அல்லாஹ் தீர்ப்பளிக்கும் வரை நான் இந்த மண்ணை விட்டு நகர மாட்டேன். ஒருகாலத்தில் தம்பியைக் கிணற்றில் போட்ட கூட்டத்தில் இருந்தவர்! யாரும் பார்க்காத அந்நிய ஊரில், தகப்பனுக்குக் கொடுத்த வாக்கு அவரைக் கட்டி நிறுத்துகிறது. வெளியூர் போகும் பிள்ளையிடம் பெற்றோர் எதிர்பார்ப்பது அந்த ஒரு கட்டுத்தான்.

இப்போது பெற்றோர்களுக்கு.

உங்கள் பயம் மதிக்கத்தக்கது என்று சொல்லிவிட்டேன். ஆனால் எல்லாப் பயமும் பயம் அல்ல. "ஊர் என்ன சொல்லும்" என்பது பயத்தின் வேஷம் போட்ட வேறொன்று. அதற்காக ஒரு பிள்ளையின் கல்வியை நிறுத்தினால் நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்வது கஷ்டம்.

நம் சமுதாயம் பயணத்துக்குப் புதிதா? சோழமண்டலக் கரையில் இருந்து கப்பல் ஏறிய நம் முன்னோர், 1826-ல் சிங்கப்பூரில் சூலியா பள்ளிவாசலைக் கட்டியெழுப்பினார்கள். சைகோனில் 1935-ல் பள்ளி கட்டினார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போன பாட்டனார்களின் பேரர்கள் இந்த வரிசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கும் இருபது வயதுப் பையனை துபாய்க்கும் குவைத்துக்கும் அனுப்புகிறோம். பத்துப் பேர் படுக்கும் அறையில் அவன் எப்படி இருக்கிறான் என்று போய்ப் பார்த்தோமா? சம்பாதிக்கப் போகிறவனை சபராளி என்று துஆ செய்து அனுப்பும் ஊர், படிக்கப் போகிறவனிடம் மட்டும் ஆயிரம் கேள்வி கேட்கிறது. இதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் ஊர் ஆலிம்களின் பெயரைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் காஸிமி என்று இருந்தால் அவர் தேவ்பந்தில் ஓதியவர். நத்வி என்றால் லக்னோவில் ஓதியவர். இரண்டும் உத்தரப் பிரதேசம். உருது தெரியாத பிள்ளையைப் பெட்டியோடு ரயில் ஏற்றி அனுப்பிய ஒரு தகப்பன் இருந்ததால்தான், நமக்கு மிம்பரில் ஒரு ஆலிம் கிடைத்தார்.

இமாம் புகாரி (ரஹ்) சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். தாயார்தான் வளர்த்தார். பதினாறு வயதளவில் தாயோடும் அண்ணன் அஹ்மதோடும் ஹஜ்ஜுக்குப் போனார். ஹஜ் முடிந்ததும் தாயாரும் அண்ணனும் புகாராவுக்குத் திரும்பினார்கள். இவர் கல்விக்காக மக்காவில் தங்கிவிட்டார். போன் இல்லை, தபால் இல்லை. அந்தத் தாய் எந்த மனதோடு திரும்பி நடந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஸஹீஹுல் புகாரியைக் கையில் எடுக்கும்போது அந்தத் தாய்க்கும் ஒரு துஆ செய்யுங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கஸ்ரு தொழுகிற அளவு தூரத்துக்கு மஹ்ரம் இல்லாமல் பெண் பயணிப்பதை ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கிறார்கள். பாதுகாப்பும் நம்பகமான பெண் துணையும் இருந்தால் தேவைக்காகப் போகலாம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சட்டம் பயணத்தைப் பற்றியது. பெண்கள் விடுதியில் தங்கிப் படிப்பது வேறு கேள்வி; அங்கே பார்க்க வேண்டியது பாதுகாப்பும் ஒழுக்கமும். வருடத்தில் இரண்டு தடவை விடுமுறை என்றால், அத்தாவோ அண்ணனோ கொண்டு போய் விட்டு, போய் அழைத்து வரலாம். செலவுதான். மகன் குறைந்த மதிப்பெண்ணோடு பெங்களூருக்குப் போகிறான். அவனைவிட அதிகம் எடுத்த மகளுக்கு மட்டும் மார்க்கம் நினைவுக்கு வருகிறது. ரயில் டிக்கெட் எடுக்க மனம் இல்லாததை மார்க்கத்தின் தலையில் போடாதீர்கள். கல்யாணம் தள்ளிப்போகும் என்பது உண்மையான கவலை என்றால், அதை அவளிடம் நேராகச் சொல்லுங்கள். அவள் பதில் சொல்லட்டும்.

கேளுங்கள் என்பதுதான் விஷயம். இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ்வின் கட்டளை கனவில் வந்துவிட்டது. இனி மகனிடம் கேட்க என்ன இருக்கிறது? இருந்தும் மகனை அழைத்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் கட்டளை கையில் இருந்த தகப்பனே மகனின் கருத்தைக் கேட்டார். நாமோ நம் விருப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே முடிவைச் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக, பிள்ளைகளே, எல்லாவற்றையும் நேர்மையாகச் செய்த பிறகும் "வேண்டாம்" என்றே வந்தால்? பெற்றோருக்கு உங்களால் ஆக வேண்டிய தேவை எதுவும் இல்லை, பயம் மட்டும் இருக்கிறது, அதுவும் தீரவில்லை. மார்க்கச் சட்டப்படி வழி இருக்கிறதே என்று கிளம்பிவிடலாமா? என் கருத்தைச் சொல்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருப்பார்கள். பதினெட்டு வயதில், அவர்கள் பணத்தில், இளங்கலைக்காக என்றால், நில்லுங்கள். இங்கேயே மூன்று வருடம் படியுங்கள். சொன்ன நேரத்தில் வீட்டுக்கு வாருங்கள், சொன்னதைச் செய்யுங்கள். முதுகலைக்கும் அதே சி.யூ.இ.டி. இருக்கிறது, அதே டெல்லி இருக்கிறது. இருபத்தொரு வயதில் நீங்கள் மறுபடி கேட்கும்போது, கேட்பது அதே வாக்கியமாக இருக்கலாம். அதன் எடை வேறாக இருக்கும். அதுவரை மனதில் வன்மம் வைக்காதீர்கள். "நீங்கள் விட்டிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்" என்று சோற்றுத் தட்டின் முன்னால் தினமும் குத்திக் காட்டுகிறவர், ஊரில் இருந்தும் பெற்றோரோடு இல்லை.

இஸ்திகாரா தொழுங்கள். மாமுவையோ பெரியப்பாவையோ வைத்து அத்தாவுக்கு நெருக்கடி கொடுக்காதீர்கள். மஷ்வராவுக்கு வேண்டுமானால் அழையுங்கள், அத்தாவுக்கும் தெரிவித்துவிட்டு.

நம் மஹல்லாவில் இந்த வருடம் வெளிமாநிலத்துக்கு விண்ணப்பித்த பிள்ளைகள் இருந்தால், வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு பள்ளியின் மேல்மாடிக்கு வாருங்கள். பெற்றோரோடு வாருங்கள், தனியாக வேண்டாம். செலவுக் கணக்கு எழுதிய தாளையும், கல்லூரியில் இருந்து வந்த கடிதத்தையும் கொண்டு வாருங்கள். வெளிமாநிலத்தில் ஓதிய ஆலிம் ஒருவரையும், பிள்ளையை வடக்கே அனுப்பிப் படிக்க வைத்த ஒரு தாயையும் அழைத்திருக்கிறோம். பெண்கள் உட்காரத் தனி இடம் உண்டு. ஸஃபுகளைச் சரி செய்துகொள்ளுங்கள்.